சின்னப் பிள்ளைகளும் ஓட்டிசமும்: யாழ்ப்பாணத்தில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

நான் வலிகாமப் பக்கம் ஒரு முன்பள்ளியில் 16 வருடமாகப் படிப்பிக்கிறேன். என் தங்கையின் மகனுக்கு ஓட்டிசம் இருக்கிறது. இது ஊருக்குத் தெரிந்த நாளிலிருந்து பிள்ளையை விட வரும் அம்மாமார், கோயில் வீதியில் மறித்துக் கதைக்கும் அம்மம்மாமார், கனடாவிலிருந்து போன் எடுக்கும் சொந்தக்காரர் என்று எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். நான் வைத்தியர் இல்லை. உங்கள் பிள்ளைக்கு இருக்கிறதா இல்லையா என்பதைப் பிள்ளையை நேரில் பார்த்த வைத்தியர்தான் சொல்ல வேண்டும்.

ஓட்டிசம் எண்டா என்ன? அதொரு வருத்தமோ?

காய்ச்சல் மாதிரி வந்து போகிற வருத்தம் இல்லை. மூளை வளருகிற விதமே பிறப்பிலிருந்து கொஞ்சம் வேறாக இருப்பது. சிலர் ஆட்டிசம் என்றும் மதியிறுக்கம் என்றும் எழுதுவார்கள், எல்லாம் ஒன்றுதான். 1943 இல் அமெரிக்காவில் லியோ கனர் என்ற வைத்தியர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதியதிலிருந்து மருத்துவ உலகில் இந்தப் பெயர் நிலைத்தது.

இரண்டு பக்கமாக இது தெரியும். ஒன்று, மற்ற ஆட்களோடு சேருகிற விதம்: கூப்பிட்டால் திரும்புவது, முகத்தைப் பார்ப்பது, தான் கண்டதை மற்றவருக்குக் காட்டுவது எல்லாம் குறைவாக இருக்கும். மற்றது, ஒரே விடயத்தில் நிற்பது: ஒரே விளையாட்டு, ஒரே பாதை, ஒரே சாப்பாடு, பிறகு சில சத்தங்களும் சில தொடுகைகளும் தாங்க ஏலாமல் போவது. என் தங்கையின் மகன் திருவிழா மேளத்துக்கு ஒன்றும் செய்ய மாட்டான். ஆனால் அடுத்த வீட்டில் தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போய்விடுவான்.

முந்தி எங்கட ஆக்களுக்குள்ள இப்பிடி ஒண்டும் இருக்கேல்லையே?

இருந்தது, பெயர்தான் இருக்கவில்லை. ஊமை என்றார்கள், மந்தம் என்றார்கள், விசர் என்றும் சொன்னார்கள், கொஞ்சம் அன்பானவர்கள் "அவன் ஒரு மாதிரியான பிள்ளை" என்றார்கள். எங்கள் ஒழுங்கையில் ஒரு அண்ணை இருந்தார். ஒருவரோடும் கதைக்க மாட்டார், ஆனால் அந்தப் பக்கம் ஓடிய பஸ்களின் இலக்கங்களையெல்லாம் மனப்பாடமாக வைத்திருப்பார். அவருக்கு என்னவென்று ஒருவரும் கேட்டதில்லை.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2021 இல் உலகத்தில் 127 பேருக்கு ஒருவர் ஓட்டிசம் உள்ளவர். பணக்கார நாட்டு வியாதி, வெள்ளைக்காரர் வியாதி என்பதெல்லாம் சரியில்லை.

சரி, இலங்கையில எத்தனை பிள்ளைக்கு ஒண்டு?

கையில் இருக்கிற பேர்போன கணக்கு 93 க்கு ஒன்று. கொழும்புப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் அவரோடு சேர்ந்தவர்களும் நகரை அண்டிய ஒரு பகுதியில் 18 முதல் 24 மாதம் வரையான 374 பிள்ளைகளைப் பார்த்து 2009 இல் வெளியிட்டது. 374 பேரில் 4 பேருக்கு ஓட்டிசம் இருந்தது. இவ்வளவு சின்ன வயதுப் பிள்ளைகளை ஊருக்குள் தேடிப் பார்த்த ஆய்வு எங்களைப் போன்ற நாடுகளில் மிகக் குறைவு. ஆனபடியால்தான் இத்தனை வருடம் கழித்தும் அதையே சொல்கிறோம்.

ஆனால் அது ஒரு சின்ன எண்ணிக்கை என்பதையும் மறக்கக் கூடாது. ஓட்டிசமுள்ள ஒரு பிள்ளை கூடுதலாக இருந்திருந்தால் 75 க்கு ஒன்று ஆகியிருக்கும், ஒரு பிள்ளை குறைந்திருந்தால் 125 க்கு ஒன்று. கிட்டத்தட்ட நூறுக்கு ஒன்று என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அது போதும்.

எங்கள் முன்பள்ளியில் வருடம் 30 பிள்ளைகள் சேருவார்கள். அந்தக் கணக்கில் மூன்று வருடத்துக்கு ஒருவர், என் 16 வருடத்தில் ஐந்து பேர் வந்திருக்க வேண்டும். இருந்து எண்ணிப் பார்த்தேன். ஓட்டிசம் என்று வைத்தியர் சொன்ன பிள்ளைகள் இரண்டு பேர்தான். மிச்சம் மூன்று பேர் எங்கே? ஒரு பொடியனை நன்றாக ஞாபகம் இருக்கிறது. குழப்படி, ஓரிடத்தில் இருக்க மாட்டான், மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் முறைப்பாடு சொன்னார்கள், தாய் இரண்டு கிழமையோடு கொண்டு வருவதை நிறுத்திவிட்டார். போய்க் கேட்காமல் விட்டேன். அப்போது எனக்கும் தெரியாது.

அமெரிக்காவில 31 க்கு ஒண்டாம், எங்களுக்கு 93. அப்ப எங்களிட்டக் குறைவுதானே?

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஏலாது. 31 க்கு ஒன்று என்பது 2022 இல் 8 வயதாக இருந்த பிள்ளைகளின் கணக்கு. பள்ளிக்கூடப் பதிவு, வைத்தியப் பதிவு எல்லாவற்றையும் புரட்டி எடுத்தது. எங்களுடையது இரண்டு வயதுக்குள் இருக்கிற பிள்ளைகள். அந்த வயதில் தெரியாத சில பிள்ளைகள் ஐந்து, ஆறு வயதில் பள்ளிக்கூடம் போனபிறகுதான் தெரிய வருவார்கள்.

இன்னொன்று. அமெரிக்காவுக்குள்ளேயே அதே வருடத்தில் டெக்சாஸ் மாநிலத்து லரேடோவில் 103 க்கு ஒன்று, கலிபோர்னியாவில் எடுத்த இடத்தில் 19 க்கு ஒன்று. ஒரே நாடு, ஒரே வயது, ஐந்து மடங்கு வித்தியாசம். லரேடோப் பிள்ளைகளின் மூளை வேறு மாதிரி என்று ஒருவரும் சொல்லவில்லை. கலிபோர்னியாவில் சின்ன வயதிலேயே தேடிப் பார்க்க ஆட்களைப் பழக்கி வைத்திருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்து நாட்டையும் பாருங்கள். பங்களாதேஷில் ஒரு கிராமப்புறத்தில் 18 முதல் 36 மாதம் வரையான 5,286 பிள்ளைகளைப் பார்த்தார்கள், 2018 இல் வெளியானது. அங்கேயும் கண்டுபிடித்தது 4 பேர். இங்கே 374 இல் 4, அங்கே 5,286 இல் 4. பங்களாதேஷ் கிராமத்துக்கும் எங்களுக்கும் பிள்ளைகளில் இவ்வளவு பெரிய வித்தியாசம் இருக்கும் என்று என்னால் நம்ப ஏலாது. யார் பார்த்தார்கள், எப்படிக் கேட்டார்கள், தாய் என்ன சொன்னார் என்பதுதான் எண்ணை மாற்றுகிறது. எண் குறைந்த இடத்தில் பிள்ளைகள் குறைவு என்று நினைக்காதீர்கள். பார்க்கப்படாத பிள்ளைகள் அதிகம் என்று நினையுங்கள்.

அப்ப வரவரக் கூடுது எண்டுறது பொய்யோ?

எண் கூடுவது உண்மை. அமெரிக்காவில் 2000 ஆம் ஆண்டுக் கணக்கு 150 க்கு ஒன்று, இப்போது 31 க்கு ஒன்று. ஆனால் இடையில் 2013 இல் வரைவிலக்கணமே மாறி, முன்பு தனிப் பெயரில் இருந்த அஸ்பேர்கர் (பேச்சுப் பிந்தாத ஒரு வகை) போன்றவையும் இதற்குள் வந்தன. முன்பு மந்தம் என்று மட்டும் எழுதப்பட்ட பிள்ளைகளுக்கும் இப்போது சரியான பெயர் வருகிறது. பெரும்பகுதி அதனால்தான். பிந்திய வயதில் பிள்ளை பெறுவது, குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகள் தப்பிப் பிழைப்பது போன்றவற்றுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

என்ர மகனுக்கு ரெண்டு வயசாகுது, இன்னும் அம்மா எண்டு சொல்லேல்லை. ஓட்டிசமோ?

பேச்சுப் பிந்தினால் ஓட்டிசம் என்று அர்த்தம் இல்லை. காது கேளாத பிள்ளையும் பேசாது, வெறுமனே பேச்சு மட்டும் பிந்துகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனபடியால் முதல் வேலை காதைப் பரிசோதிப்பது. "ரீவிச் சத்தத்துக்கு ஓடி வாறான், காது நல்லாக் கேக்குது" என்று நீங்களாகவே முடிவெடுக்காதீர்கள்.

பிறகு, பேச்சை விட்டுவிட்டு விரலைப் பாருங்கள். ஒன்றரை வயதுப் பிள்ளை காகத்தைக் கண்டால் சுட்டுவிரலை நீட்டி, திரும்பி உங்கள் முகத்தைப் பார்த்து, மறுபடி காகத்தைப் பார்க்கும். காகம் அதற்கு வேண்டாம். "அங்க பார், நீயும் பார்" என்பதுதான் அந்த விரல். அந்த முகம் திரும்புதல் இருக்கிறதா என்று பாருங்கள். பேச்சே வராவிட்டாலும் விரலாலும் கண்ணாலும் ஆயிரம் கதை சொல்கிற பிள்ளை ஒரு விதம். பேச்சும் இல்லை, சுட்டிக் காட்டுவதும் இல்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதும் இல்லை, பொம்மைக்குச் சோறு தீத்துவது மாதிரிப் பாவனை விளையாட்டும் இல்லை என்றால் நாளைக்கே காட்டுங்கள்.

தகப்பனும் மூண்டு வயசிலதான் கதைச்சவராம், பொறு எண்டு மாமி சொல்லுறா.

மாமி சொல்வது பொய்யில்லை, அப்படியும் நடக்கும். ஆனால் பொறுத்துப் பார்த்து அது தவறாகப் போனால் அந்த ஒரு வருடம் திரும்பக் கிடைக்காது. காட்டிவிட்டு ஒன்றும் இல்லை என்று வந்தால் போனது ஒரு நாள் பஸ் காசு. தங்கை எட்டு மாதம் பொறுத்தாள். இன்றைக்கும் அதைத்தான் நினைத்து நினைத்து அழுகிறாள். அனுபவமுள்ள வைத்தியர் இரண்டு வயதிலேயே நம்பகமாகச் சொல்ல முடியும், மூன்று நான்கு வயது வரை காத்திருக்க வேண்டிய காரணம் இல்லை.

இன்ரநெற்றில கேள்விப் பத்திரம் நிரப்பினன், பிரச்சினை இல்லை எண்டு வந்தது. இனி நிம்மதியா இருக்கலாமோ?

இருக்க ஏலாது. இதைக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். நீங்கள் நிரப்பியது அநேகமாக எம்-சாட் என்ற கேள்விப் பத்திரமாக இருக்கும். தாயிடம் "ஓம், இல்லை" என்று பதில் கேட்பது, பழையது 23 கேள்வி, திருத்தியது 20. வெளிநாடுகளில் நல்ல பெயர் எடுத்த பத்திரம். மேலே சொன்ன 2009 ஆய்வில் அதையும் பாவித்துப் பார்த்தார்கள். ஓட்டிசம் இருந்த 4 பிள்ளைகளில் அது பிடித்தது ஒருவரைத்தான். மூன்று தாய்மார் பதில் எழுதிக் கொடுத்தும் பத்திரம் ஒன்றும் இல்லை என்றது.

ஏன் இப்படி நடக்கும் என்பதை நான் தினமும் பார்க்கிறேன். ஒரு அம்மாவிடம் "பிள்ளை சுட்டிக் காட்டுவானா" என்று கேட்டேன். "ஓம் ரீச்சர், நல்லாக் காட்டுவான்" என்றார். சரி, காட்டச் சொல்லுங்கள் என்று பிஸ்கட் ரின்னை மேசைக்கு மேல் வைத்தேன். பிள்ளை தாயின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், அவருடைய கையைத் தூக்கி ரின்னில் வைத்தான். முகத்தைப் பார்க்கவே இல்லை. தாய்க்கு அது காட்டுவதுதான். அவர் பொய் சொல்லவில்லை, கேள்வியில் இருந்த சொல்லுக்கும் அவர் கண்ட பிள்ளைக்கும் இடையில் இடைவெளி. சில வேளை வெட்கம், சில வேளை பயம், சில வேளை மாமி பக்கத்தில் நிற்பது, இவையும் சேர்ந்துகொள்ளும்.

அதே குழுவினர் பிறகு படம் காட்டிக் கேட்கும் முறை ஒன்றை உருவாக்கி 2017 இல் வெளியிட்டார்கள். 18 முதல் 48 மாதப் பிள்ளைகளுக்கு, ஒவ்வொரு பழக்கத்துக்கும் படம், "உங்கட பிள்ளை இப்பிடியா" என்று தாய் பார்த்துச் சொல்வது. அது ஓட்டிசம் உள்ள பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பதுக்குக் கிட்டப் பிடித்தது. கேட்கிற விதம் மாறினால் கணக்கே மாறுகிறது. ஆகவே பத்திரம் சரி என்று சொன்னாலும் உங்கள் மனம் ஏதோ பிழை என்றால், மனதை நம்பிப் போய்க் காட்டுங்கள்.

ஒண்டரை வயசு வரைக்கும் பத்துச் சொல் சொன்னவன், பிறகு எல்லாத்தையும் விட்டிட்டான். ஊசி போட்டதாலயோ?

இருந்த சொற்கள் போவது உண்மையாக நடக்கிற விடயம். ஓட்டிசம் உள்ள பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு 15 முதல் 24 மாதத்துக்குள் அப்படி நடக்கும். அதைக் கண்டால் ஒரு கிழமை கூடப் பிந்தாமல் வைத்தியரிடம் போங்கள், வலிப்பு மாதிரி வேறு காரணம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஊசிக் கதை 1998 இல் இங்கிலாந்தில் வந்த ஒரு கட்டுரையிலிருந்து கிளம்பியது. சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஊசியையும் ஓட்டிசத்தையும் முடிச்சுப் போட்டு 12 பிள்ளைகளை வைத்து எழுதியது, அதிலும் தரவுகள் திரிக்கப்பட்டவை. 2010 இல் அந்தச் சஞ்சிகையே கட்டுரையை மீளப் பெற்றது, எழுதிய வேக்ஃபீல்டின் வைத்தியப் பதிவும் பறிபோனது. பிறகு டென்மார்க்கில் 6 இலட்சத்து 57 ஆயிரம் பிள்ளைகளைப் பின்தொடர்ந்து 2019 இல் வெளியிட்டார்கள், போட்ட பிள்ளைக்கும் போடாத பிள்ளைக்கும் ஓட்டிசத்தில் வித்தியாசம் இல்லை.

எங்கள் நாட்டில் அந்தச் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஊசி போடுவது 9 மாதத்திலும் 3 வயதிலும். சொற்கள் போகிற வயது இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது. ஒன்றரை வயதில் போடுவது முக்கூட்டு ஊசியின் மறு ஊசியும் போலியோச் சொட்டும். பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தை எடுத்துத் திகதியைப் பாருங்கள்.

போன் குடுத்துப் பழக்கினதாலதான் வந்தது எண்டு எல்லாரும் என்னைத்தான் பேசினம்.

உங்களால் வரவில்லை. போன் ஓட்டிசத்தை உண்டாக்காது. மற்றப் பக்கமாகவும் யோசியுங்கள்: ஆட்களோடு சேரக் கஷ்டப்படும் பிள்ளைக்குப் போன் நல்ல புகலிடம், அது தானாகவே அதற்குள் போய்விடும். ஆனால் போன் பார்க்கிற நேரம் ஒருவரோடும் கதைக்காத நேரம் என்பது உண்மை. உலகச் சுகாதார நிறுவனம் 2019 இல் சொன்னது, இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டு வயதிலிருந்து நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். குறையுங்கள். அந்த நேரத்தில் கிணற்றடியில் வாளித் தண்ணீரோடு பிள்ளைக்கு முன்னால் குந்தியிருங்கள்.

ஏபிசிடி முழுக்க இங்கிலிஸில சொல்லுறான், கலரும் சொல்லுறான். இவனுக்கு எப்பிடி ஓட்டிசம் இருக்கும்?

அவனுக்குப் பசித்தால் "சோறு" என்று வந்து கேட்கிறானா? ஒலியை ஒப்புவிப்பது வேறு, ஒரு ஆளிடம் ஒன்றைச் சொல்வது வேறு. எழுத்தும் இலக்கமும் நிறமும் சொல்லத் தெரிந்து அம்மாவைக் கூப்பிடத் தெரியாத பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன்.

இதோடு வருகிற இன்னொரு பிழை, பிள்ளைக்கு இங்கிலிஸ்தான் பிடிக்கிறது என்று வீட்டில் எல்லாரும் இங்கிலிஸுக்கு மாறுவது. அம்மம்மாவுக்கு வராத மொழியில் பிள்ளையோடு யார் கதைப்பது? இரண்டு மொழி கேட்பதால் ஓட்டிசப் பிள்ளைக்குக் கெடுதல் இல்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. உங்களுக்கு வாய் நிறைய வருகிற மொழியில் கதையுங்கள்.

பொம்பிளைப் பிள்ளையளுக்கு வராதாமே?

வரும். ஆண்பிள்ளைகளில் மூன்று மடங்குக்கு மேல் கூடக் காணப்படுகிறது, அவ்வளவுதான். ஒதுங்கியிருக்கும் மகளை "நல்ல அமைதியான பிள்ளை" என்று புகழ்ந்து விட்டுவிடுகிறோம்.

வெளியில சொன்னா தமக்கைக்குக் கலியாணம் குழம்பாதோ? அடுத்த பிள்ளைக்கும் வருமோ?

இதை மெல்லிய குரலில்தான் கேட்பார்கள், அதனால் நேராகவே சொல்கிறேன். ஓட்டிசத்தில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. ஐந்து நாடுகளின் தரவுகளை வைத்து 2019 இல் வந்த ஆய்வில் அந்தப் பங்கு ஏறக்குறைய 80 வீதம். ஒரு பிள்ளைக்கு இருந்தால் அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்கு ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு, ஐந்தில் நான்கு பங்கு இல்லை. அடுத்த பிள்ளை கிடைத்தால் ஒரு வயதிலிருந்தே கவனமாகப் பாருங்கள்.

தமக்கையின் கலியாணத்துக்காகத் தம்பியை அறைக்குள் வைத்திருந்த வீடு எனக்குத் தெரியும். கலியாணம் நடந்தது. தம்பிக்கு அப்போது 9 வயது, ஒரு நாளும் பள்ளிக்கூடம் போனதில்லை. மாப்பிள்ளை வீட்டுக்கும் ஒரு கிழமையில் தெரிந்துவிட்டது.

நூல் கட்டினம், சந்நிதிக்கும் நேந்து வைச்சிருக்கிறம். அது காணாதோ?

நேர்த்தியை நிறைவேற்றுங்கள், நானும் தங்கைக்காகச் சந்நிதிக்குப் போய் வந்தவள்தான். கிளினிக்குக்கும் போங்கள். ஒன்றுக்கு ஒன்று குறுக்கே நிற்காது. நாற்பத்தெட்டு நாள் முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.

முழுசாச் சுகமாக்கித் தாறம் எண்டு லட்சக்கணக்கில கேக்கினம். குடுக்கலாமோ?

வேண்டாம். ஓட்டிசத்தை இல்லாமல் செய்கிற மருந்து கிடையாது. ஸ்டெம் செல் ஊசி, உடம்பிலிருந்து ஈயம் பாதரசம் எடுக்கிறோம் என்கிற சிகிச்சை இரண்டுக்கும் ஆதாரம் இல்லை, இரண்டாவது ஆபத்தும் கூட. 2005 இல் அமெரிக்காவில் 5 வயதுப் பிள்ளை அதனால் இறந்தது. காணி ஈடு வைத்து இந்தியாவுக்குக் கொண்டு போக நினைக்கிற குடும்பங்களைப் பார்க்க வயிறு எரிகிறது. அந்தக் காசு பேச்சுப் பயிற்சிக்கும், தொழில்வழிச் சிகிச்சைக்கும், தாய் வேலையைக் குறைத்துப் பிள்ளையோடு இருப்பதற்கும் எவ்வளவு உதவும்!

பேச்சுப் பயிற்சியாளர், அதுவும் தமிழில் கதைக்கிறவர், எங்களுக்குக் காணாது என்பது உண்மைதான். மாதத்தில் ஒரு தடவைதான் கிடைக்கும் என்றால், அந்த ஒரு தடவையில் அவர் செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்துப் பழகி மிச்ச 29 நாளும் நீங்கள் செய்யுங்கள். தாய் தகப்பனைப் பழக்குவதே நல்ல பலன் தருகிற முறை.

அப்ப எங்க போறது? என்னத்தைக் கொண்டு போறது?

உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம், அதுதான் மிட்வைஃப் மிஸ்ஸியிடம், முதலில் சொல்லுங்கள். அவர் சுகாதார வைத்திய அதிகாரியிடம் அனுப்புவார், அங்கிருந்து யாழ். போதனா வைத்தியசாலையிலோ பக்கத்து ஆதார வைத்தியசாலையிலோ குழந்தைநல வைத்திய நிபுணரிடம் போகலாம். காதுப் பரிசோதனையையும் கையோடு கேளுங்கள். அரசாங்க வைத்தியசாலையில் காசு இல்லை, காத்திருப்பு உண்டு, விடியவே போய்விடுங்கள்.

பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தைக் கொண்டு போங்கள். பிள்ளை சொல்கிற சொற்களை, எத்தனை சின்னதென்றாலும், ஒரு தாளில் எழுதுங்கள். சொல்லி விட்டுப்போன சொற்களைத் தனியாக எழுதி, எந்த வயதில் விட்டதென்றும் போடுங்கள். கிளினிக்கில் சனத்தைக் கண்டால் பிள்ளை கத்தும் அல்லது உறைந்து போய் இருக்கும், வைத்தியருக்கு வீட்டில் இருக்கிற பிள்ளை தெரியாது. ஆனபடியால் முதல் நாளே போனில் இரண்டு மூன்று சின்ன வீடியோ எடுத்து வையுங்கள்: பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவது ஒன்று, தனியே விளையாடுவது ஒன்று, பிடித்த சாப்பாட்டுப் பெட்டியை எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு என்ன செய்கிறான் என்று பார்ப்பது ஒன்று. அந்தக் கடைசி வீடியோவில் நீங்கள் உதவி செய்ய அவசரப்படாதீர்கள். அவன் உங்கள் முகத்தைத் தேடுகிறானா, கையை மட்டும் தேடுகிறானா என்பது பதிவில் வரட்டும்.